நடுவில் நிற்கும் குரல்

மோனோவில் பதிவான பழைய பி.சுசீலா பாட்டு ஒன்றைப் போடுங்கள். ஆறடி இடைவெளியில் இரண்டு ஸ்பீக்கர்கள், இரண்டுக்கும் சம தூரத்தில் உங்கள் நாற்காலி. எல்லாம் சரியாக அமைந்திருந்தால் குரல் பெட்டிகளை விட்டு வெளியே வந்து, வெறும் சுவர் இருக்கிற நடு இடத்தில் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நீட்டி ‘இங்கே’ என்று காட்டலாம். ஒரே ஒலி இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வந்து சேரும்போது மூளை எடுக்கிற முடிவு அது. காசு கொடுத்து ஸ்டீரியோ வாங்குவது இந்தக் குரலுக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். கடையில் நமக்குக் காட்டப்படுவதோ பெரும்பாலும் வேறு ஏதாவது: வாட்ஸ் கணக்கு, பெட்டியின் உயரம், நீல விளக்கு, வயிற்றில் வந்து மோதுகிற அடி.

இந்த வித்தையை உருவாக்கியவர் இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் இருந்த ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர். சினிமா பார்க்கப் போன இடத்தில், நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் இருக்க, குரல் வேறெங்கிருந்தோ வந்தது அவரை உறுத்தியது என்பார்கள். 1931 டிசம்பரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமையில், இரண்டு மைக் வைத்துப் பதிவது, ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தின் இரண்டு சரிவுகளில் இரண்டு பக்க ஒலியையும் செதுக்குவது எல்லாமே இருந்தன. 1942-ல் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து நொறுங்கியதில் இறந்துபோனார். அப்போது வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வர 1958 வரை ஆனது. தமிழ் சினிமாவில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்கள் 1978-ல் வந்த ‘ப்ரியா’ படத்தினுடையவை என்று சொல்வார்கள். அதற்கு முந்தைய நம் சினிமாப் பாட்டுச் செல்வம் ஏறக்குறைய முழுக்க மோனோ. அதனால் ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பும் தமிழ் ரசிகருக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு பெட்டியும் உண்மையிலேயே ஜோடிதானா என்று சோதிக்க மோனோ பாட்டைவிட நல்ல கருவி கிடையாது. குரல் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, அகலமாகப் பரவி முகம் தெரியாமல் போனாலோ, பெட்டியிலோ அறையிலோ ஒயரிலோ கோளாறு இருக்கிறது.

ஒயரை முதலில் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கும். பாஸ் வற்றிப்போகும், குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதக்கும். எத்தனையோ வீடுகளில் வருஷக்கணக்காக இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் புது ஸ்பீக்கருக்குக் காசு சேர்க்க வேண்டியதே இல்லை.

ஆயிரம் வாட்ஸும் ஒரு வாட்டும்

‘சார், இது ஆயிரம் வாட்ஸ்’ என்றுதான் கடைப் பேச்சு ஆரம்பிக்கும். டூ-இன்-ஒன் காலத்தில் பெட்டியின் நெற்றியிலேயே பி.எம்.பி.ஓ. என்று ஒரு பெரிய எண்ணை ஒட்டி விற்றார்கள். அந்த எண்ணை எப்படி அளப்பது என்பதற்குப் பொது விதி எதுவும் இருந்ததில்லை. அவரவர் விருப்பத்துக்குப் போட்டுக்கொண்டார்கள். பெயர் மறைந்துவிட்டது, பழக்கம் போகவில்லை.

கணக்கு உண்மையில் எளிது. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒன்று ஒரு வாட் சக்தியில், ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் அளவுக்கு ஒலிக்கும். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏழெட்டு டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் மூன்று கூடும், அறைச் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும். ஆக, 80 டெசிபல் சுமாருக்கு வந்து நிற்கிறது. சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. அதாவது பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் சத்தத்துக்கே ஒரு வாட் போதும். மீதி வாட் எல்லாம் திடீரென்று எழும் தவில் அடிக்கும் டிரம்ஸ் அடிக்கும் தேவைப்படுகிற இருப்பு. பத்து டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு சக்தி வேண்டும். நேர்மையாக அளந்த 40, 50 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒரு நடுத்தர அறைக்குத் தாராளம்.

கடையில் இன்னொன்றும் நடக்கும். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது ஒன்று துளி சத்தமாக இருந்தாலும், நம் காது அதைச் சத்தம் என்று உணராது, ‘இதுதான் தெளிவு’ என்று முடிவுகட்டிவிடும். ஒரு டெசிபல் வித்தியாசமே போதும். கையில் இருக்கிற போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு போய், இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். துல்லியம் முக்கியமில்லை, ஒப்பிடத்தானே. தயங்காமல் கேளுங்கள், நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

கண்ணும் நம்மை ஏமாற்றும். ஃபிளாயிட் டூல் என்ற ஆய்வாளர் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில், பெட்டியைப் பார்க்க முடியாதபடி திரை போட்டுவிட்டு, ஆட்களை உட்காரவைத்து மதிப்பெண் போடச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை அது. பின்னாளில் ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994-ல் வெளியிட்ட ஆய்வில், அதே ஆட்கள் அதே பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது மதிப்பெண்கள் இடம் மாறின. பெட்டியின் அளவும் பெயரும் விலையும் காதுக்குள் புகுந்துவிட்டன. அந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு வேறு. கண் மறைக்கப்பட்டபோது, பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் பெரும்பாலும் ஒரே ரகப் பெட்டிகளையே விரும்பினார்கள்: நேர் எதிரே எந்த ஸ்வரத்தையும் தூக்காமலும் அமுக்காமலும் சமமாக ஒலிப்பவை, பக்கவாட்டில் போகிற ஒலியிலும் அந்தச் சமன் குலையாதவை. ‘எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க, சங்கீத ஞானம் கிடையாது’ என்று ஒதுங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், உங்கள் காது போதும். கண்ணை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.

பத்துக்குப் பத்து

இனி அறைக்கு வருவோம். ஸ்பீக்கரைப் பற்றி எழுதுபவர்கள் கடைசியில் ஒரு பத்தியில் முடித்துவிடும் விஷயம் இது. என்னைக் கேட்டால் பாதிக் கதை இதுதான்.

நம் ஊர் அடுக்குமாடி வீட்டில் பத்துக்குப் பத்து அறை சர்வசாதாரணம். கூரையும் பத்தடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது, நம் வெயிலுக்கு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே போய்த் திரும்ப 6.1 மீட்டர். வகுத்துப் பாருங்கள், 57 ஹெர்ட்ஸ் வரும். அந்த அறை தானாகவே முழங்குகிற சுருதி அதுதான். மூன்று திசையிலும் அதே எண் விழுவதால் முழக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பேஸ் கிட்டாரின் மூன்றாவது கம்பியைச் சும்மா தட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் பாட்டில் அந்த பேஸ் கிட்டார் படியேறி இறங்கி எத்தனை அழகாக நடக்கிறது! இந்த அறையிலோ அந்த ஒரு ஸ்வரம் வரும்போதெல்லாம் சுவர் சேர்ந்து ‘ம்ம்ம்’ என்று நீட்டும். அடுத்த ஸ்வரம் வந்த பிறகும் முந்தையது அடங்காது. பக்கத்து ஸ்வரங்கள் அந்த முழக்கத்தில் காணாமல் போகும். பாட்டில் இருக்கும் நடை போய், ஒரே இடத்தில் குதிப்பதுபோல் ஆகிவிடும்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அந்த முழக்கம் சுவரோரத்தில் உச்சம், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய பூஜ்யம். முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தால் பாஸ் அள்ளும். எழுந்து நடுவுக்கு வந்தால் அதே பாட்டில் அதே ஸ்வரம் ஒடுங்கிவிடும். ஒரே ஜோடியைப் பற்றி ஒருவர் ‘பாஸ் தூள்’ என்றும் இன்னொருவர் ‘பாஸே இல்லை’ என்றும் சொல்ல, இருவரும் சரியாகவே சொல்லியிருக்க இது போதும். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நாற்காலியைப் போட்டுப் பாருங்கள். அங்கிருந்து அரையடி முன்னும் பின்னும் நகர்த்தி, பேஸ் கிட்டார் எந்த இடத்தில் எல்லாப் படியும் தெரிய நடக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். செலவில்லாத வேலை. இரட்டிப்பு விலையில் வாங்கும் ஸ்பீக்கர் தருவதைவிடப் பெரிய மாற்றத்தை இது தரக்கூடும்.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் மெல்லிய பலகை அறைந்து கட்டியவை. பாஸில் ஒரு பங்கை அந்தச் சுவர் அதிர்ந்து விழுங்கிவிடும், ஒரு பங்கு வெளியே போய்விடும். நம்முடையது செங்கல்லும் கான்கிரீட்டும். உள்ளே போட்ட பாஸ் உள்ளேயேதான் சுற்றும். அங்கே ‘பாஸ் கொஞ்சம் மெலிவு’ என்று குறைசொல்லப்பட்ட சின்ன ஸ்பீக்கர் இங்கே அளவாக இருக்கலாம். அங்கே கொண்டாடப்பட்ட ஆளுயர டவர், நம் படுக்கையறையில் தலைவலி. அறைக் கதவைத் திறந்து வைத்துக் கேட்டுப் பாருங்கள், முழக்கம் சற்றுத் தளர்வது தெரியும்.

சின்ன அறைக்குச் சின்னப் பெட்டி என்பதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. வெளியூர் ஒலிபரப்புக்குப் போகும் வேனுக்குள், கையகல இடத்தில், குரலின் தரத்தை மதிப்பிட பி.பி.சி. பொறியாளர்கள் 1970-களில் எல்.எஸ்.3/5ஏ என்ற பெட்டியை வடிவமைத்தார்கள். ஓரடி உயரம்தான், காற்றுத்துளை கிடையாது, ஆழமான பாஸும் கிடையாது. மனிதக் குரல் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். பல நிறுவனங்கள் உரிமம் வாங்கிச் செய்தன. அரை நூற்றாண்டு ஆன பிறகும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நேர்மாறான கதை யமஹாவின் என்.எஸ்-10. வீட்டுக்காகவே 1978-ல் வந்தது, வீட்டில் எடுபடவில்லை. பாட்டைக் கலக்கும் ஸ்டுடியோக்காரர்கள் மேசைமேல் வைத்துக்கொண்டு, குறைகளை உறைக்கக் காட்டுகிறது என்று கொண்டாடினார்கள். ‘ஸ்டுடியோவில் இருக்கும் அதே ஸ்பீக்கர்’ என்ற விளம்பர வரிக்கு மயங்க வேண்டாம். அங்கே அது வேலைக்கான கருவி. நமக்கு வேண்டியது மாலை முழுக்க உட்கார்ந்து கேட்கத்தக்க துணை.

பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், பாஸ் ஆழமாக இறங்க வேண்டும், குறைந்த வாட்டில் சத்தமாகவும் ஒலிக்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். இது இயற்பியல், எந்த நிறுவனத்தாலும் மீற முடியாது. ஒரு ஸ்தாயி கீழே அதே சத்தத்தில் இறங்க வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓடியாக வேண்டும். பாஸுக்கான ஐந்து அங்குல ஊஃபர் 30 ஹெர்ட்ஸ் தரும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால், அந்த 30 எத்தனை மெலிசாகக் கேட்கும் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

அறையின் மற்றத் தொல்லைகள் எளியவை. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் இருக்கும் இடத்தில் ஒரு கை தட்டுங்கள். ‘டிர்ர்’ என்று ஒரு நடுக்கம் திரும்பி வந்தால், குரலின் கூர்மையிலும் அதே நடுக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் தடித்த ஜமக்காளம், ஒரு சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலுக்குக் கனத்த திரை. இவை போதும். ஆனால் துணி விழுங்குவது மேல்ஸ்தாயியைத்தான். முன்னால் சொன்ன 57 ஹெர்ட்ஸ் முழக்கத்தைத் திரைச்சீலை தொடக்கூட முடியாது. அதற்கு இடம் மாற்றுவதுதான் வைத்தியம். ஸ்டீல் பீரோ இருக்கிற அறையானால் அதன் கதவையும் கண்ணாடியையும் ஒரு முறை கைவைத்துப் பாருங்கள். பாட்டில் எங்கிருந்தோ வருகிற ‘ஜிர்’ அங்கிருந்து வந்துகொண்டிருக்கும்.

கும்கி தெரிகிறதா?

எந்தப் பாட்டைப் போட்டுச் சோதிப்பது? கடைக்காரரின் பென்டிரைவில் இருப்பதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பெட்டி எதில் கெட்டியோ அதற்காகப் பொறுக்கியது. தூக்கத்தில் கேட்டாலும் அடுத்த சங்கதி எது என்று உங்களுக்குத் தெரிகிற பாட்டுகளை எடுத்துப் போங்கள்.

முதலில் குரல். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடைப்பட்ட ஹெர்ட்ஸில்தான் ஊஃபர் கையை விட்டு மேல்ஸ்தாயிக்கான ட்வீட்டர் கைக்கு ஒலி மாறுகிறது. காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்த வட்டாரத்தில்தான். தையல் சரியில்லாவிட்டால், கீழ்ஸ்தாயியில் கனமாக இருந்த பாடகர் மேலே போகும்போது வேறு ஆளாகிவிடுவார். பெண் குரலில் ‘ஸ’ வருகிற இடங்களைக் கவனியுங்கள். ஊசியாகக் குத்தினால் அந்த ஜோடி வேண்டாம். கடையில் பத்து நிமிஷம் அது பளிச்சென்று இருக்கும், வீட்டில் ஒரு மணி நேரத்தில் காதை அறுக்கும்.

அடுத்து மிருதங்கம். என் பார்வையில் இதைப்போல் ஸ்பீக்கரின் தரத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் வாத்தியம் குறைவு. வலப்பக்கத் தோலான வலந்தலையில் கரணை என்ற கருஞ்சாந்து பூசியிருப்பதால் சாதாரணத் தோல் கருவிகளுக்கு இல்லாத சுருதி சுத்தம் அதற்கு வருகிறது என்பதை சி.வி.ராமன் 1920-லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார். சாதாரணத் தோலில் கிளை ஒலிகள் அடிப்படை ஒலியோடு ஒத்துப்போகாது. கரணை அவற்றை வரிசைக்குக் கொண்டுவருகிறது. ஆகவே வலந்தலையில் விழும் ஒவ்வொரு ‘நம்’மும் பாடுகிறவரின் ஷட்ஜத்தோடு சேர்ந்து கொஞ்ச நேரம் கணீரென்று நிற்க வேண்டும். மோசமான ஸ்பீக்கரில் சுருதி போய்த் தட்டல் மட்டும் மிஞ்சும். இடப்பக்கம் தொப்பியில் வித்வான் மணிக்கட்டை அழுத்தி இழுக்கும் கும்கி, கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஏறும் ஒலி. அந்த ஏற்றம் முழுக்கக் காதில் விழுகிறதா, அல்லது ‘டொம்’ என்று ஒற்றை அடியாக முடிந்துவிடுகிறதா? பாஸ் நிறைய இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் பெட்டிகளில் பாதி இந்த இடத்தில் தோற்றுவிடும். அவற்றுக்கு பாஸ் என்றால் ஒரே ஒரு ஸ்வரம்தான்.

பிறகு தம்புரா. கச்சேரி முழுக்க பின்னால் இழையும் அந்த ரீங்காரம் ஸ்வரங்களை வீசிக்கொண்டே இருக்கும். குரல் ஓங்கும்போதும் அது மறையாமல் தெரிந்தால் நல்லது. நாகஸ்வரம் ஒன்றும் எடுத்துப் போங்கள். கோயில் பிராகாரத்துக்காகவே உண்டான வாத்தியம், நாலு சுவருக்குள் அதன் வீரியத்தைக் கடுமை இல்லாமல் காட்டுவது கஷ்டமான காரியம். ட்வீட்டரின் குணம் அதில் தெரிந்துவிடும்.

பழைய பாட்டுகளையே அதிகம் கேட்பவரானால், மேல்ஸ்தாயியைத் தூக்கிக் காட்டும் பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பதிவுகளின் இரைச்சலைத்தான் அது தூக்கும். அடங்கின குணமுள்ள ஸ்பீக்கரில் ஏ.எம்.ராஜாவும் லீலாவும் மனசுக்கு இதமாக இருப்பார்கள்.

இரவில் மெதுவாக வைத்துக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சத்தம் குறையக் குறையக் காதுக்கு பாஸ் அதைவிட வேகமாகக் குறைந்துபோகும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-ல் இதை அளந்து காட்டினார்கள். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் ‘லவுட்னெஸ்’ என்று ஒரு பட்டன் இருந்ததே, அதற்காகத்தான். இரவு ரசிகராக இருந்தால் கடையிலும் மெதுவாக வைத்தே கேளுங்கள்.

உட்காரும் உயரத்தைக் கடைகளில் யாரும் கேட்பதில்லை. ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர். அந்தக் கணக்கில்தான் ஸ்டாண்டுகள் செய்யப்படுகின்றன. நம் வீட்டில் பாட்டியும் அம்மாவும் தரையில் பாயில் உட்கார்ந்து கேட்பார்கள், காது முக்கால் மீட்டருக்கு வந்துவிடும். ஊஃபரும் ட்வீட்டரும் மேலும் கீழுமாக இருக்கும் பெட்டியில், பக்கவாட்டில் நகர்வதைவிட மேலும் கீழும் நகரும்போதுதான் குரல் அதிகம் மாறும். யார் எங்கே உட்காருவார்கள் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, பெட்டியின் முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ ஒரு மரத்துண்டால் தூக்கிச் சாய்த்தால் போதும்.

பணத்தைப் பிரிப்பதில் என் கருத்து தெளிவானது. பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு. ஆம்ப்ளிஃபையருக்கு அடுத்த பங்கு. கேபிளுக்கு எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் போதும், பத்துப் பதினைந்து அடிக்கு அதற்குமேல் செலவழித்துக் கேட்கப்போவது எதுவுமில்லை. இடம் குறைவு, பெட்டிகள் பெருகக் கூடாது என்றால் உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வைத்த ஆக்டிவ் ஸ்பீக்கர் நல்ல வழி. சவுண்ட்பார் டி.வி. வசனத்துக்குச் சரி. மூன்றடிக் கம்பத்துக்குள் இடதும் வலதும் நெருக்கியடித்து இருக்கும்போது, பாட்டுக்கு அது எப்படிப் போதும்? சப்வூஃபரை முதலில் வாங்காதீர்கள். ஜோடியோடு மூன்று மாதம் பழகிவிட்டு, குறை தெரிந்தால் யோசிக்கலாம். அடுக்குமாடியில் அது கீழ் வீட்டுக் கூரையில் தட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பழைய ஜோடி நல்ல விலைக்குக் கிடைத்தால் விட்டுவிட வேண்டாம். முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்த நல்ல பெட்டி இன்றைக்கும் நல்ல பெட்டிதான். முன்துணியைக் கழற்றிவிட்டு ஊஃபரைச் சுற்றியிருக்கும் விளிம்பைப் பாருங்கள். ரப்பராக இருந்தால் நீடித்திருக்கும். ஃபோமாக இருந்தால், கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பத்துப் பதினைந்து வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும். விரலால் லேசாகத் தொட்டாலே மாவு ஒட்டும். பெட்டியின் அடிப்பலகை தண்ணீர் குடித்து ஊதியிருக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா, ட்வீட்டரின் குமிழைக் குழந்தைகள் அமுக்கிவிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஃபோம் உதிர்ந்ததற்காக மட்டும் பயந்து ஓட வேண்டியதில்லை. மைக் செட் ஸ்பீக்கர்களுக்குக் கோன் மாற்றித் தருகிற கடைகளில் விளிம்பையும் மாற்றித் தருபவர்கள் உண்டு, விலை பேசும்போது அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்: ஒரு பக்கம்தான் கிழிந்திருக்கிறது என்றாலும் இரண்டு பக்கமும் ஒரே தடிமனில், ஒரே ரகத்தில் மாற்ற வேண்டும். ஒன்று புதிது ஒன்று பழையது என்று விட்டால் இரண்டு கூம்பும் ஒன்றுபோல் அசையாது, ஜோடி ஜோடியாக இருக்காது.